கெட்டிக் கிறீம் போட்டுச் சவர பிரஷ் அடியில வெள்ளையாப் படியுது, நுரை நிக்குதில்லை

பம்பலப்பிட்டி_பிரஷ்:
பட்ஜர் எண்ட மிருகத்தின்ர முடி, குஞ்சத்தின்ர அடிக் குறுக்களவு 24 மில்லிமீற்றர். நாலு மாசமா லனோலினும் ஷியா பட்டரும் கலந்த கெட்டிக் கிறீம்தான். முடி பிடிக்குள்ள இறங்கிற இடத்தை விரலால விரிச்சுப் பார்த்தால் மெழுகு மாதிரி வெள்ளைப் படிவு. காய்ஞ்ச பிறகு நுனியள் ஒட்டி ஊசி ஊசியா நிக்குது. கிண்ணத்தில நுரை வருது, முகத்துக்குப் போனதும் தண்ணியாப் போகுது. வினாகிரியில ஊறவிடச் சொல்லி ஒருத்தர், தேங்காயெண்ணெய் தடவச் சொல்லி இன்னொருத்தர். எது சரி?

நுரைவாத்தி:
தேங்காயெண்ணெயைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. உங்கட பிரஷில இருக்கிற கரைச்சலே எண்ணெய்தான், அதுக்கு மேல எண்ணெயா?

இந்த வகைக் கிறீம்களில சவர்க்காரமா மாறாத கொழுப்பைத் தோலுக்காக வேணுமெண்டே சேர்த்திருப்பினம். வெறும் தண்ணி அதைக் கழுவாது. முடிக்கு நடுவில போய் இருந்து, அடுத்த நாள் வாற நுரையையும் உடைக்கும்.

கை பொறுக்கிற சூட்டில தண்ணி எடுங்கோ, 40 பாகை காணும். கொதிதண்ணி கூடாது: முடியைப் பிடிச்சிருக்கிற பசை இளகி, பிறகு கொத்தாக் கழண்டு வரும். குஞ்சத்தை நனைச்சு, கோப்பை கழுவிற திரவம் 2 துளி நடுவில விட்டு, உள்ளங்கையில மெல்லச் சுத்துங்கோ. பிறகு பெருவிரல் ரெண்டாலயும் குஞ்சத்தை நடுவில பிரிச்சு, அடி வரைக்கும் விரல் நுனியால தேய்க்கவேணும். முக்கால்வாசிப் பேர் விடுற இடம் அதுதான். முடி கீழ பார்க்கப் பிடிச்சு, பைப்புத் தண்ணி பிடிப் பக்கத்தில இருந்து நுனிக்கு ஓடுற மாதிரிக் கழுவுங்கோ. நாலு மாசப் படிவுக்கு ரெண்டு மூண்டு தரம் செய்யவேண்டி வரும். உடுப்புத் தோய்க்கிற பவுடர் வேண்டாம். அதின்ர காரம் முடியை முரடாக்கும். சிலதில புரதத்தைக் கரைக்கிற என்சைமும் இருக்கு, முடியும் புரதம்தானே. கண்டிஷனர் கலந்த ஷாம்புவும் வேண்டாம், அதில வாற சிலிக்கோன் முடியைப் பூசி மூடிப்போடும்.

கிணத்தடி:
வினாகிரியை ஏன் விட்டனீங்கள்? வெள்ளைப் படிவு எண்டால் கல்சியம்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணத்துத் தண்ணியில ஒரு மாசத்திலயே இப்பிடி வரும். 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு வெள்ளை வினாகிரி 1 மேசைக்கரண்டி, முடி மட்டும் 2 நிமிசம் ஊறினால் காணும். பிடி நனையக் கூடாது, மரப் பிடி எண்டால் வெடிக்கும்.

நுரைவாத்தி:
அளவு சரி, இடம்தான் மாறிப்போச்சு. பம்பலப்பிட்டி கொழும்பிலதானே. கொழும்பில பைப்புத் தண்ணி பெரும்பாலும் அம்பத்தலையில எடுக்கிற களனி கங்கைத் தண்ணி, இல்லாட்டி லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணி. எல்லாம் மழைத்தண்ணி மாதிரி மென்மையானது, கல்சியம் குறைவு. வீட்டில குழாய்க்கிணறு எண்டால் கதை வேற.

அதோட ஒழுங்கும் முக்கியம். கிறீம் ஊறின பிரஷை நேர வினாகிரிக்குள்ள விட்டால் அமிலம் சவர்க்காரத்தை உடைச்சுத் திரும்பக் கொழுப்பமிலமாக்கிப் போடும். ஒரு கரண்டி நுரையை வினாகிரியில போட்டுப் பாருங்கோ: பால் திரையிற மாதிரி வெள்ளைத் துணுக்கைகள் மிதக்கும். அது குஞ்சத்துக்குள்ள நடந்தால் அடியில இன்னும் இறுகும். அதால முதல் திரவம், பிறகு வினாகிரி, திரும்பவும் திரவம். கடைசிக் கழுவலை விட்டால் வினாகிரி பிரிச்ச கொழுப்பு உள்ளயே கிடக்கும்.

சீனக்காரம்:
ஒரு சின்ன விசயம். சவரம் முடிஞ்சு முகத்தில சீனக்காரம் தேய்ச்ச கையோட பிரஷைக் கழுவுறவையும் இருக்கினம். சீனக்காரத்தில இருக்கிற அலுமினியம் சவர்க்காரத்தோட சேர்ந்தால் தண்ணியில கரையாத பசை வரும், வினாகிரிக்கும் லேசில மசியாது. பிரஷை முதல் கழுவி வைச்சிட்டு, பிறகு சீனக்காரத்தை எடுங்கோ.

கிறீமின்ர அளவையும் பாருங்கோ. ஒரு கொண்டைக்கடலை அளவு ஒரு சவரத்துக்குப் போதும். பிரஷை நனைச்சு ரெண்டு உதறு, கிறீமை நுனியில மட்டும் எடுத்து, தண்ணியைத் துளித் துளியாச் சேர்க்கவேணும். உதறாமல் கிறீமை எடுத்தால் உள்ள நிக்கிற தண்ணி முகத்தில இறங்கி நுரையைக் கரைக்கும். உங்கட நுரை தண்ணியாகிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முகத்தில குஞ்சம் தட்டையாகிற அளவுக்கு அமத்தினால் கிறீம் அடிக்கு ஏறும், முடியும் பிடியோரத்தில முறியும்.

பம்பலப்பிட்டி_பிரஷ்:
ரெண்டு தரம் கழுவினன், அடி மென்மையா வந்திட்டுது. இப்ப ஐப்பசி மழைக்கு மூண்டு நாளாகியும் நடு ஈரம் போகேல்லை, ஒரு புழுங்கல் மணம். தலைகீழாத் தொங்கவிடவேணுமோ? மற்றது, பன்றிமுடி பாவிக்கக் கூடாத ஒரு முஸ்லிம் நண்பர் என்னத்தை வாங்கலாம்?

நுரைவாத்தி:
தொங்கவிட்டாலும் நட்டுவைச்சாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முடிக்கும் முடிக்கும் இடையில ஏறி நிக்கிற தண்ணி தலைகீழாப் பிடிச்சதுக்காக இறங்காது. பத்துத் தரம் பலமா உதறி, துவாயில முடியை இழுக்காமல் துடைச்சு, விரலால குஞ்சத்தைப் பூவா விரிச்சு, பாத்ரூமுக்கு வெளியில ஃபான் காத்துப் படுற இடத்தில வையுங்கோ. மூடின டப்பாவுக்குள்ளயும் அலுமாரிக்குள்ளயும் வைச்சால் பூஞ்சணம் பிடிக்கும். மாரி முடியிற வரைக்கும் ரெண்டு பிரஷை மாறி மாறிப் பாவிக்கிறது நல்லம்.

நண்பருக்குச் செயற்கை இழை. கொழுப்பு அதில குறைவா ஒட்டும், கெதியாவும் காயும், கெட்டிக் கிறீமுக்கு உண்மையில அதுதான் சுகம். பெட்டியில ஒண்டும் எழுதாட்டி, உதிர்ந்த இழை ஒண்டை நெருப்புக் குச்சியில பிடியுங்கோ: உருகி மணியாத் திரண்டால் செயற்கை, தலைமுடி கருகிற மணம் வந்தால் ஏதோ மிருகத்தின்ர முடி. எந்த மிருகம் எண்டு நெருப்பு சொல்லாது, ஆனால் பன்றிமுடியின்ர நுனி பாவிக்கப் பாவிக்க ரெண்டு மூண்டாப் பிளந்து நிக்கும், அதைக் கண்ணாலயே பார்க்கலாம்.