மேப், கட்டம் வச்சு டிசைன் ப்ராஜக்ட்: "டேபிள் கிளாத்"னு சொல்லிட்டாங்க, ஐடியா குடுங்க

மூணாம்வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். நான் விஷுவல் டிசைன் மூணாவது வருஷம், சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம், இப்ப லீவுல வீட்லதான் இருக்கேன். எங்களுக்கு குடுத்த தலைப்பு "வரைபடமும் கட்டமும்". அத வச்சு நாலு வேலை பண்ணி ரிவ்யூல வைக்கணும், மூணு முடிச்சிட்டேன், மூணுமே அடி வாங்கிடுச்சு.

மொதல்ல ராமேஸ்வரம் தீவு. சாட்டிலைட் படத்த ஏ3 பேப்பர்ல ட்ரேஸ் எடுத்து 1 செ.மீ. கட்டம் போட்டேன், ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். கட்டத்துக்குள்ள பாதிக்கு மேல நிலம்னா கறுப்பு, இல்லன்னா வெள்ளை, அவ்ளோதான் ரூல். தூரத்துல இருந்து பாத்தா தீவு, கிட்ட போனா குறுக்கெழுத்து. ரெண்டாவது, கோயில் பிரகாரத்து தூண் வரிசைய மேல இருந்து பாக்குற மாதிரி ஒரு துப்பட்டாவுக்கு பிளாக் பிரிண்ட். மூணாவது, 8க்கு 8 கட்டத்துல தமிழ் எழுத்து. ட, ப, ம எல்லாம் சமத்தா உக்காந்துச்சு, ண, ஜ, ழ மூணும் என் உசுர எடுத்துடுச்சு, ழ கடைசி வரைக்கும் தேள் மாதிரியேதான் இருக்கு.

ரிவ்யூல சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "இதுல கட்டத்த எடுத்துட்டா என்ன குறையும்?" நான் முழிச்சேன். "ஒண்ணும் குறையலன்னா அது டேபிள் கிளாத்மா"ன்னுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டாரு. பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுகை.

இன்னொன்னும் சொல்லிடுறேன். அந்த தீவு படத்துல நான் ஒரு தில்லுமுல்லு பண்ணேன். ரூல் படி போட்டா தனுஷ்கோடி வால்ல பாதி காணோம், நிலம் அங்க அவ்ளோ ஒல்லி, நெறைய கட்டத்துல பாதிக்கும் கீழதான் வருது. பாக்க அசிங்கமா இருந்துச்சுன்னு ஏழு கட்டத்த நானே கையால கறுப்பாக்கிட்டேன். சார் கண்டுபிடிக்கல.

நாலாவது வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஊர்ல இருக்கும்போதே ஏதாச்சும் உருப்படியா பண்ணனும். யாராச்சும் வழி சொல்லுங்க.

கீழக்கரை_கோடு

தங்கச்சி, நான் கீழக்கரை, சென்னைல கிராஃபிக் டிசைன் பண்றேன், பதினோரு வருஷமாச்சு. உங்க சார் கேட்டது நல்ல கேள்வி, அழுததெல்லாம் சரி, ஆனா கேள்விய விட்டுடாதீங்க.

லண்டன் சுரங்க ரயில் மேப்ப எடுத்துக்கோங்க. ஹாரி பெக் 1931ல வரைஞ்சாரு, 1933ல அச்சாகி வந்துச்சு. நெட்டு, படுக்க, 45 டிகிரி சாய்வு, வேற கோடே கிடையாது. ஊருக்கு நடுவுல நெருக்கமா இருக்குற ஸ்டேஷன அகட்டி, வெளியில தூரமா இருக்குறத நெருக்கிட்டாரு. தூரம் பொய், ஆனா எங்க ஏறி எங்க மாறணும்னு பளிச்சுன்னு தெரியும். அதுல கட்டத்த எடுத்தா மேப்பே செத்துடும். 1972ல மாசிமோ விக்னெல்லி நியூயார்க்குக்கு அதே மாதிரி ஒண்ணு பண்ணாரு, டிசைன் ஆளுங்க கொண்டாடினாங்க, ஜனங்க திட்டுனாங்க, ஏன்னா அந்த ஊர்ல மேல நடக்குற தெருவே கட்டம் கட்டமா இருக்கு, மேப்ல நீளமான சென்ட்ரல் பார்க்கு சதுரமா இருந்தா நடக்குறவனுக்கு கோவம் வரத்தான் செய்யும். 1979லயே மாத்திட்டாங்க.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். சர்வே ஆஃப் இந்தியா, அதான் மத்திய அரசோட மேப் போடுற துறை, அவங்க டோப்போ ஷீட், அதாவது நிலவரைபடத் தாள், பாத்திருக்கீங்களா? பழைய நம்பர் முறைல 4 டிகிரிக்கு 4 டிகிரி ஒரு பெரிய கட்டம், நம்ம பக்கம் அதோட நம்பர் 58. அத 16ஆ பிரிச்சு ஏ-ல (A) இருந்து பி (P) வரைக்கும் எழுத்து, ஒவ்வொரு எழுத்தையும் திரும்ப 16ஆ பிரிச்சு நம்பர். கடைசியா வர்ற ஷீட் 15 மினிட்டுக்கு 15 மினிட், அதாவது கால் டிகிரி, 1:50,000 அளவுல கிட்டத்தட்ட 55 செ.மீ. சதுரம். ராமநாதபுரம் டவுன் 58 கே/15. பாம்பன் 58 ஓ/3. ராமேஸ்வரம் கோயில் 58 ஓ/7. தனுஷ்கோடி 58 ஓ/8. பாருங்க, ஒரே தீவு, ஆனா தலை ஒரு தாள்ல, கோயில் ஒரு தாள்ல, வால் ஒரு தாள்ல. 79 டிகிரி 15 மினிட் தீர்க்கரேகை கோடு இறங்குறது உங்க தங்கச்சிமடம் சுத்துவட்டாரத்துலதான், ஒங்க ஊருகாரவுக யாருக்கும் அது தெரியாது. தனுஷ்கோடி ஷீட்ட விரிச்சா முக்காவாசிக்கும் மேல வெறும் கடல், ஒரு ஓரத்துல பல்லு குத்துற குச்சி மாதிரி நிலம். அந்த காலி நீலத்துக்கும் ஒரு நம்பர் குடுத்து அடுக்கி வச்சிருக்காங்கல்ல, எனக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும்.

முன்னாடி கரையோர ஷீட் வாங்குறது தலைவலி, 2021 பிப்ரவரில மேப் விதிகள நெறைய தளர்த்திட்டாங்க, இப்ப ஆன்லைன்லயே தேடலாம்.

அப்புறம் அந்த ஏழு கட்டம். அது தில்லுமுல்லு இல்ல தங்கச்சி, உங்ககிட்ட இருக்குற ஒரே நல்ல ஐடியா அதுதான். அத ஏன் ஒளிச்சீங்க?

சங்கிலி66

அம்மா, நான் நில அளவை துறைல 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே தம்பி எழுதினது சரி. ஆனா டோப்போ ஷீட் எல்லாம் மேலே இருந்து போட்ட கட்டம். கீழே மண்ணுல நிக்கிறவனோட கட்டம் எஃப்எம்பி, புலப்படம்னு சொல்லுவோம். தாலுகா ஆபீஸ் போனா கிடைக்கும், ஆன்லைன்லயும் எடுக்கலாம். உங்க வீட்டு இடத்துக்கே ஒண்ணு இருக்கும், எடுத்து பாருங்க.

அதுல சதுரமே இருக்காது. வயலுக்கு குறுக்கே கல்லுக்கு கல் ஒரு நேர்கோடு ஓட்டுவோம், அதுல நடந்துகிட்டே போய் வரப்பு எங்கெங்க வளையுதோ அங்கங்க நேர் குத்தா ஒரு சின்ன கோடு தட்டி அளவு எழுதுவோம், அத ஆஃப்செட்டுன்னு சொல்றது. முடிச்சு பாத்தா மீன் தின்னு வச்ச முள்ளு மாதிரியே இருக்கும், நடுமுள்ளு ஒண்ணு, ரெண்டு பக்கமும் சின்ன முள்ளு. என் பேருல இருக்குற 66 பழைய சங்கிலியோட அடி, 100 லிங்க் சேர்ந்தா ஒரு சங்கிலி, பத்து சதுர சங்கிலி ஒரு ஏக்கர்.

உங்க சார் கேள்விக்கு பதில் இதுல இருக்கு. அந்த நடுக்கோட்ட அழிச்சா பக்கத்து முள்ளு எல்லாம் அந்தரத்துல நிக்கும், நிலம் யாருதுன்னு சொல்ல முடியாது, கோர்ட்டுல கேஸு நிக்கும்.

இன்னொரு விஷயம். கரையோரத்து பத்திரங்கள்ல நான்கு மால், அதாவது நாலு பக்க எல்லை, எழுதும்போது "கடலுக்கு மேற்கு"ன்னு வரும். மத்த மூணு பக்கமும் ஆளு பேரு, கல்லு, ரோடு, இருந்த இடத்துல இருக்கும். நாலாவது பக்கம் அலையடிக்குது. 64 டிசம்பர் புயலுக்கு அப்புறம் தனுஷ்கோடி பக்கம் எத்தனை மால் தண்ணிக்குள்ள போச்சுன்னு யோசிச்சு பாருங்க. பேப்பர்ல கட்டம் அப்படியேதான் இருக்கும்.

காலிப்பக்கம்

ஒரு சின்ன எதிர்ப்பு. தனுஷ்கோடின்னாலே எல்லாரும் இடிஞ்ச சர்ச்ச வச்சு சோகமா ஒரு போஸ்டர் போட்டுடுறாங்க, காலேஜ் எக்ஸிபிஷனுக்கு போனா வருஷத்துக்கு ரெண்டாச்சும் பாக்குறேன். அந்த பக்கம் மட்டும் போயிடாதீங்க ப்ளீஸ். அந்த துப்பட்டாவ ஏன் யாரும் பேசவே இல்ல, எனக்கு அதுதான் கேக்க நல்லா இருக்கு. டேபிள் கிளாத்தா இருந்தா என்ன, டேபிள் கிளாத்தும் டிசைன்தானே.

வடகடல்_தென்கடல்

பாப்பா நான் பாம்பன், இப்ப துபாய்ல வேலை, ஆனா காலேஜ் முடிக்கிற வரைக்கும் அப்பாகூட நாட்டுப்படகுல போனவன். எனக்கு டிசைன் எல்லாம் தெரியாது, தெரிஞ்சத சொல்றேன்.

கடல்ல ஒரு பாரு, அதான் தண்ணிக்கடியில பாறைத்திட்டு, இருக்கு, மீன் அங்கதான் நிக்கும்னு வைங்க, அடுத்த நாள் அதே எடத்துக்கு எப்படி போறது? இப்ப ஜிபிஎஸ்ல பாயிண்ட் போட்டு வச்சிடுறாங்க. எங்க அப்பா காலத்துல கரையில ரெண்டு அடையாளம் பாப்பாங்க, முன்னாடி ஒரு ஒத்த பனை, பின்னாடி ஒரு சர்ச் கோபுரம்னு, ரெண்டும் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு மறைஞ்சா அது ஒரு கோடு. வேற திசைல அதே மாதிரி இன்னொரு ஜோடி, அது ரெண்டாவது கோடு. ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல நங்கூரக் கல்ல போடணும். ஆழம் கயித்த விட்டு பாகத்துல அளக்குறது, பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச அளவு. பேப்பர் கிடையாது, எல்லாம் மண்டைக்குள்ள. அந்த ஒத்த பனைய எவனாச்சும் வெட்டிட்டான்னா போச்சு, ஒரு கோடு காலி, திரும்ப புது ஜோடி தேடணும்.

வலையும் கட்டம்தான், ஆனா உங்க பேப்பர் கட்டம் மாதிரி செவனேன்னு இருக்காது. தரையில விரிச்சா கண்ணி சதுரமா இருக்கும், இழுத்தா டைமண்டா ஒல்லியாயிடும், இன்னும் இழுத்தா கண்ணி மூடியே போயிடும். இத ஒரு துணில செஞ்சு காட்டுனா உங்க சார் என்ன சொல்லுவாருன்னு பாக்கணும்.

கடைசியா ஒண்ணு. 74லயும் 76லயும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு கடல்ல எல்லை கிழிச்சாங்க, அட்சரேகை தீர்க்கரேகைல சில புள்ளி குறிச்சு அத கோட்டால சேத்தது, அவ்ளோதான். தண்ணில எந்த அடையாளமும் இல்ல. எங்க அப்பா அந்த கோட்ட ஒரு நாளும் கண்ணால பாத்தது இல்ல, ஆனா மோட்டார ஆஃப் பண்ணிட்டு சத்தம் வருதான்னு காத குடுத்து கேட்டுகிட்டு இருக்குறத நான் பாத்திருக்கேன்.

மூணாம்வருஷம்

அண்ணே, அய்யா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலிப்பக்கம், துப்பட்டாவ எங்க அக்கா புடுங்கிட்டு போயிட்டா, அதனால அதோட கதை அங்கயே முடிஞ்சுது.

தீவு படத்த திரும்ப போட்டேன். இந்த தடவ அதே ரூல், கை வைக்கவே இல்ல, நாலு தாள். 2 கிலோமீட்டர் கட்டம், 1 கிலோமீட்டர், 500 மீட்டர், 250 மீட்டர். முதல் தாள்ல வாலே இல்ல, தீவு ஏதோ சப்ப பரோட்டா மாதிரி கிடக்கு. ரெண்டாவதுல துண்டு துண்டா. மூணாவதுல ஒட்ட ஆரம்பிக்குது. நாலாவதுலதான் வால் வாலா தெரியுது, அதுக்கு மட்டும் மூணு நாள் ஆச்சு, கண்ணு போயிடுச்சு. நாலையும் வரிசையா சொவத்துல ஒட்டி வச்சேன், எங்க அம்மாச்சி வந்து பாத்துட்டு மொத தாள காட்டி "இதுல நம்மாளுக இருந்த எடத்த காணோமே"ன்னாங்க. அவங்க பொறந்தது தனுஷ்கோடி. நான் ஒண்ணும் சொல்லல. அந்த ஏழு கட்டத்த இப்ப நாலு தாள்லயும் பென்சில்ல மட்டும் ஓரம் கட்டி விட்டிருக்கேன்.

நாலாவது வேலைக்கும் அவங்கதான் வழி காட்டுனாங்க. சிக்குக் கோலத்துல கோடு புள்ளிய தொடவே கூடாது, சுத்திதான் போகணும், சுத்தி வந்து ஆரம்பிச்ச எடத்துலயே மூடணும். மன்னார் வளைகுடா தீவு 21ம் புள்ளி, நீவாடும் (கடல் நீரோட்டம்) காத்தும் கோடு. தூத்துக்குடில இருந்து இங்க வரைக்கும் நீளமா ஒரே வரிசையா வருது, சதுரமா அடங்கல, ஆனா பரவால்ல. இதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டு தீவும் ஏற்கெனவே தண்ணிக்குள்ள போயிடுச்சு. அந்த ரெண்டு எடத்துல புள்ளி வைக்காம கோட்ட மட்டும் சுத்தி விடலாம்னு இருக்கேன்.

தரையில போடுறதா பேப்பர்லயான்னுதான் குழப்பம்.

கீழக்கரை_கோடு

ரெண்டும் வேண்டாம். மார்ஷல் தீவுக்காரங்க குச்சி மேப்னு தேடி பாருங்க. தென்னங்குச்சிய வளைச்சு கட்டி அலை எந்த பக்கம் இருந்து வந்து தீவுல மோதி எப்படி மடங்குதுன்னு காட்டுவாங்க, தீவுக்கு சோழி. அத படகுல எடுத்துட்டு போகவே மாட்டாங்க, கரையிலயே பாத்து மனசுல ஏத்திக்கிட்டு போறது. நம்ம ஊர்ல ஈர்க்குக்கும் சோழிக்கும் என்ன பஞ்சம்? 19 சோழி வாங்குங்க, 21 இல்ல. காத்துக்கு ஒவ்வொரு நூலு கலர், வாடை, கொண்டல், சோழகம், கச்சான், நாலே போதும்.

சங்கிலி66

ஒரு யோசனை. வடக்கு எந்த பக்கம்னு ஒரு மூலையில குறிச்சிடுங்க, மறந்துடாதீங்க. மாணவர்கள் கொண்டு வர்ற படத்துல பாதிக்கு வடக்கே இருக்காது.

வடகடல்_தென்கடல்

பாப்பா, பச்ச ஈர்க்குல கட்டாத, காய்ஞ்சதும் சுருங்கி முடிச்சு எல்லாம் லூசாயிடும். ரெண்டு நாள் வெயில்ல போட்டு எடுத்து, வளைக்கிறப்ப மட்டும் தண்ணில நனைச்சுக்க. நைலான் நூலு வழுக்கும், பழைய பருத்தி நூலு கிடைச்சா அதுல கட்டு. பாம்பன்ல எங்க வீட்டுல ஒரு கண்டு கிடக்கும், அம்மாகிட்ட சொல்லி வைக்கிறேன், போய் வாங்கிக்க.