பட்டறையில் புது முறை மூன்றே வாரத்தில் படுத்துவிட்டது, மறுபடி எப்படித் தொடங்குவது?

பூக்கல்பட்டறை:
ஆத்தங்குடிப் பக்கம் பூக்கல் பட்டறை, அதாவது சிமெண்டில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல். பன்னிரண்டு பேர், கல் கணக்கில் கூலி. ஒரே வீட்டுக்குப் போகும் சிவப்புக் கல்லிலேயே லாட்டுக்கு லாட் நிறம் மாறுகிறது என்று புகார். டிஜிட்டல் தராசு, நிறத்துக்கொரு அளவுச்சீட்டு, கூடவே பத்து அங்குலத்தில் நான்கு புது டிசைன், எல்லாம் ஒரே நாளில் இறக்கினோம். இப்போது தராசு மூலையில் கிடக்கிறது. பழையபடி கைப்பிடி அளவுதான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, செய்யவும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
முதலில் கூலியைப் பாருங்கள். கல் கணக்கில் வாங்குபவர் தராசு முன் நிற்கும் நேரமெல்லாம் அவர் கைக்காசு. புது டிசைனில் கழியும் கல்லும் அவர் தலையில்தான். அவர் ஏன் தொடப்போகிறார்? சோதனை நாளுக்கு, அவரவருடைய கடந்த நான்கு வாரச் சராசரியை நாள்கூலியாகக் கொடுங்கள்; அன்று கழிந்த கல்லை எண்ணாதீர்கள். எல்லோரும் வேண்டாம்: ஒரு ஆள், சிவப்பு மட்டும், இருபது கல்.

முறை நிலைத்த பிறகு, கழிவு குறைந்ததில் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை மாதாமாதம் பிரித்துக் கொடுங்கள். நம் பக்கத்துக்கு இது புதிதில்லை. செட்டியார்கள் பர்மா, மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்திலேயே அங்கே கடையை நடத்திய ஏஜென்டுக்குச் சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு உண்டு.

வண்ணக்கலவை:
கூலியோடு முடியவில்லை, அண்ணே. அளவுச்சீட்டை எழுதியது யார்? வெளியிலிருந்து வந்த சீட்டு என்றால், இத்தனை வருடம் கலவை போட்ட பெரியவரின் கைப்பக்குவத்துக்கு மதிப்பில்லை என்றாகிவிடும். அவர் ஒதுங்கினால் மற்றவர்களும் ஒதுங்குவார்கள்.

அவரையே பத்து முறை கைப்பிடி ஆக்சைடு (நிறப்பொடி) எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறியுங்கள். கைப்பிடிக்குக் கைப்பிடி எவ்வளவு மாறுகிறது என்பதை அவரே பார்த்துவிடுவார். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. எது சரியான சிவப்பு என்று அவர் கைகாட்டுகிறாரோ, அந்த எடை மட்டும் கொள்ளும்படி ஒரு கரண்டி செய்யுங்கள். சிமெண்ட் தூசியிலும் ஈரக்கையிலும் டிஜிட்டல் தராசு தாங்காது, கரண்டி தாங்கும். ஒவ்வொரு ஆக்சைடுக்கும் தனிக் கரண்டி வேண்டும். ஒரே கரண்டியில் சிவப்பும் மஞ்சளும் ஒரே எடை நிற்காது. 5 கிலோ வெள்ளை சிமெண்டுக்கு 250 கிராம் என்றால் 5 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் பெரிதாகக் கூடாது, கல்லின் பலம்தான் குறையும்.

தண்ணீரை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆக்சைடு சரியாக இருந்தும் தண்ணீர் கூடினால் காய்ந்த பிறகு நிறம் வெளுக்கும். அச்சைத் தூக்கும்போது பக்கத்து நிறத்தோடு கலக்கவும் செய்யும். அதற்கும் குறிபோட்ட குவளை வையுங்கள்.

பூக்கல்பட்டறை:
தண்ணீரை அளக்கவே இல்லை. புது டிசைனையும் சேர்த்தே தொடரலாமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். தராசு, அளவு, டிசைன் மூன்றும் ஒன்றாக மாறினால், கல் கழியும்போது எதனால் என்று யாருக்கும் தெரியாது. பழி தராசின் மேல் விழும். சிவப்பு நிலைத்த பிறகு டிசைன். அதிலும் ஒன்றைப் பட்டறை ஆட்களே வரையட்டும். யோசனை சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போக வேண்டும், முடியாது என்றாலும் காரணத்தோடு. டொயோட்டா 1951-இல் தொழிலாளர் யோசனைத் திட்டம் தொடங்கியது. பதில் வராவிட்டால் இப்படிப்பட்ட திட்டம் படுத்துவிடும்.

மாசிவெயில்:
ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். மழையில் கல் சரியாகக் காயாது, ஈரக் கல் அடர்ந்துதான் தெரியும். சரியான கலவையையும் தப்பு என்பீர்கள். மாசியில் தொடங்குங்கள். பெரியவர் ஒப்புக்கொண்ட கல் ஒன்றைத் தேதி எழுதிச் சுவரில் மாட்டி, ஊறவைத்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து முழுக்கக் காய்ந்த கல்லை மட்டும் அதோடு வைத்துப் பாருங்கள். காலை வெளிச்சத்தில், ஒரே இடத்தில்.