பொருளறிவியல் மாணவர்களுக்குக் கணித வரலாறு எதற்கு?

சுருள்வில்:
நான் பொருளறிவியல் முதுகலை வகுப்பு எடுக்கிறவன். எங்கள் துறையில் சமச்சீர்மையின் கணிதத்தையும் அதன் வரலாற்றையும் சொல்லித்தரும் ஒரு விருப்பப்பாடம் பல வருடமாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த நேரத்தை இயந்திரக் கற்றலுக்குக் கொடுக்கலாம் என்று பாடத்திட்டக் குழுவில் பேச்சு அடிபடுகிறது. எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே அளவு உருண்டைகளை எப்படி அடுக்கினாலும் இடத்தில் அதிகபட்சம் 74 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நிரப்ப முடியும் என்பது கெப்ளர் 1611-ல் பனித்துகள் பற்றி எழுதிய சின்ன நூலில் வைத்த ஊகம். தாமஸ் ஹேல்ஸ் 1998-ல் நிரூபணம் கொடுத்தார், அதன் ஒவ்வொரு படியையும் கணினியில் சரிபார்த்து முடிக்க 2014 ஆனது. செம்பும் தங்கமும் அலுமினியமும் அதே அடுக்கில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முப்பரிமாணத்தில் படிகம் எடுக்கக்கூடிய சமச்சீர் வகைகள் மொத்தம் 230 என்று ஃபெடரோவும் ஷோன்ஃப்ளைஸும் 1891-ல் எண்ணி முடித்தார்கள். லாவே குழு படிகத்தில் எக்ஸ்ரேயைச் செலுத்திப் பார்த்தது 1912-ல். கருவி வருவதற்கு 21 வருடம் முன்பே பட்டியல் தயார். கணிதர் பென்ரோஸ் 1974-ல் காகிதத்தில் வரைந்த, ஐந்து மடங்குச் சமச்சீர் (ஐந்தில் ஒரு சுற்று திருப்பினாலும் அதேபோல் தெரிவது) கொண்ட, திரும்பத் திரும்ப வராத ஓடுகள் எட்டே வருடத்தில் ஒரு உலோகக் கலவையில் வந்து நின்றன. இதையெல்லாம் தெரியாமல் ஒருவர் பொருளறிவியலில் பட்டம் வாங்கிப் போகலாமா?

அளவுகோல்:
தாராளமாகப் போகலாம். நான் இருபது வருடமாக உலோகக் கலவைகளில் வேலை பார்க்கிறேன், உங்கள் பட்டியலை அப்படியே விட எனக்கு மனமில்லை.

முதலில் கெப்ளர். அறை வெப்பநிலையில் இரும்பைப் பாருங்கள், அதன் அடுக்கு 68 சதவீதம்தான். நாம் அதிகம் பயன்படுத்துகிற உலோகமே அந்த 74-ஐ மதிக்கவில்லை, ஏனென்றால் அணு என்பது மரக்கட்டை உருண்டை இல்லை, எலெக்ட்ரான்கள் எப்படிப் பிணைகின்றன என்பதுதான் அடுக்கை முடிவு செய்கிறது. அடுத்து 230. ஃபெடரோவ் யார்? கனிமவியல் ஆள். கையில் கல்லை வைத்துக்கொண்டு கோணம் அளந்த மரபிலிருந்து வந்தவர். அதற்கு நூறு வருடம் முன்பே ஹாய் என்ற பிரெஞ்சுக்காரர் உடைந்த கால்சைட்டின் துண்டுகளைப் பார்த்து, எப்படி உடைத்தாலும் அதே சாய்சதுர வடிவம் வருகிறதே, இது சின்னச் சின்னக் கட்டைகளால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்று யோசித்தார். கல்லிலிருந்துதான் கணக்கு வந்தது. நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.

மூன்றாவதாக, அந்த உலோகக் கலவையைக் கண்டுபிடித்த ஷெக்ட்மன் பென்ரோஸ் ஓடுகளை வைத்துக்கொண்டு எதையும் தேடவில்லை. வேகமாகக் குளிரவைத்த அலுமினியம்-மாங்கனீஸ் கலவையை 1982 ஏப்ரல் 8 அன்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார். நடுப்புள்ளியைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள், எல்லாம் சம இடைவெளியில். தன் குறிப்பேட்டில் '10 மடங்கு' என்று எழுதி மூன்று கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறிகளுக்குக் காரணமே உங்கள் பாடம்தான், ஐந்தும் பத்தும் படிகத்தில் வரவே முடியாது என்று அதுதான் சொல்லிக்கொடுத்திருந்தது. கட்டுரை வெளிவர 1984 நவம்பர் ஆனது. படிகம் என்றால் என்ன என்ற வரையறையைச் சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் மாற்ற 1992 ஆனது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தால் மாணவரை நுண்ணோக்கி முன்னால் உட்கார வையுங்கள் என்பேன்.

பழைய_ஏடு:
அளவுகோல் சொன்ன மூன்றும் சரி, சுருள்வில்லின் பட்டியல் ஜெயித்தவர்களை மட்டும் வரிசைப்படுத்திய பட்டியல். ஆனால் அதற்காகப் பாடத்தை எடுத்துவிட வேண்டும் என்று போவது எனக்குச் சரியாகப் படவில்லை. தோற்ற கதைகளையும் சொல்லுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

டோரதி ரிஞ்ச் என்ற பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அமினோ அமிலங்கள் அறுகோண வளையங்களாகப் பின்னி, அந்தப் பின்னல் மடிந்து மூடிய கூண்டாகிறது, அதுதான் புரதம் என்று 1936-ல் ஒரு கொள்கை வைத்தார். வரைந்து பார்த்தால் அவ்வளவு அழகு. கூண்டில் சரியாக 288 அமினோ அமில அலகுகள் வந்தன. அதே சமயம் பெர்க்மன், நீமன் என்ற வேதியியலாளர்கள் புரதங்களில் அலகுகளின் எண்ணிக்கை 2-ஐயும் 3-ஐயும் மட்டும் பெருக்கிக் கிடைக்கும் எண்களாகவே வருகிறது என்று அறிவித்திருந்தார்கள், 288-ம் அப்படிப்பட்ட எண்தான், ஐந்து 2, இரண்டு 3. ஒரு கணித மனசு இதைப் பார்த்தால் நம்பாமல் இருக்குமா? லாங்மூர் போன்ற நோபல் பரிசுக்காரரே அவர் பக்கம் நின்றார். ஆனால் 1939-ல் வேதியியலாளர் பாலிங், அதே நீமனோடு சேர்ந்து, பிணைப்பு ஆற்றலைக் கணக்கிட்டு, இந்தக் கூண்டு நிலைக்காது என்று எழுதினார். புரதம் அப்படி இல்லை என்பது பிறகு தெளிவாகிவிட்டது. ரிஞ்ச் சொன்ன வகைப் பிணைப்பு இயற்கையில் இருக்கிறது, 1950-களில் எர்காட் என்ற பூஞ்சையின் ஆல்கலாய்டுகளில் கண்டுபிடித்தார்கள், புரதத்தில்தான் இல்லை.

அதோடு நிறுத்தினால் பாலிங் நாயகர், ரிஞ்ச் வில்லி என்று ஆகிவிடும், அது நியாயமில்லை. அதே பாலிங்தான் கடைசிக் காலத்தில் ஷெக்ட்மன் பார்த்தது சாதாரணப் படிகங்கள் ஒட்டி வளர்ந்த வெறும் இரட்டைப் படிகம் என்று பிடிவாதமாகச் சொன்னவர். ஷெக்ட்மன் அந்தச் சந்தேகத்தை முதல் நாளே சோதித்துத் தள்ளியிருந்தார். ஆனால் புரதத்தில் முழு எண் வேண்டும் என்ற பிடியை உடைத்ததும் இதே பாலிங்தான். பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் மூவரும் 1950-ல் புரதச் சுருள்களைத் தேடியபோது ஒரு சுற்றுக்கு 2, 3, 4 என்று முழு எண்ணில் வருபவற்றையே பார்த்தார்கள், படிகத்தில் பழகிய கண் அது. பாலிங் 1951-ல் முழு எண் எதற்கு என்று விட்டுவிட்டார், அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையாக இருக்கிறது என்ற அளவீட்டை மட்டும் விடவில்லை. அவர் கண்ட அந்தச் சுருள்தான் ஆல்ஃபா ஹெலிக்ஸ், இன்று அதைச் சுற்றுக்கு 3.6 அலகு என்று எழுதுகிறோம். பெருட்ஸ் அந்தக் கட்டுரையைப் படித்தவுடன், அப்படியானால் அலகுக்கு அலகு ஏறும் உயரமான 1.5 ஆங்ஸ்ட்ராமில் (ஒரு ஆங்ஸ்ட்ராம் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) ஒரு புள்ளி வந்தாக வேண்டுமே என்று, புரதத்தால் ஆன குதிரை மயிரைச் சாய்த்து வைத்து எக்ஸ்ரே எடுத்தார். வந்தது. இவ்வளவு நாள் அதை யாரும் அந்தக் கோணத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அளவுகோல்:
கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதை ஒரு மாணவர் ஒரு மதியம் உட்கார்ந்து தானே படித்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் வேண்டுமா?

அடர்த்திவரைபடம்:
நான் புரதப் படிகவியல். இரண்டு பேரிடமும் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது.

போன மாதம் ஒரு புரத மாதிரியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எண்பதாவது அலகு ராமச்சந்திரன் வரைபடத்தில் (புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் முட்டும், எதில் முட்டாது என்று காட்டுவது) தடைசெய்யப்பட்ட பகுதியில் போய் உட்கார்ந்திருந்தது. கிளைசின் என்றால் விட்டிருப்பேன், அதற்குப் பக்கச்சங்கிலி கிடையாது, எங்கு வேண்டுமானாலும் போகும். இது வாலின். எக்ஸ்ரேயிலிருந்து கிடைத்த எலெக்ட்ரான் அடர்த்தியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதற்கு முன்னால் இருந்த பெப்டைடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன், ஆக்சிஜன் இருக்க வேண்டிய பக்கத்தில் அடர்த்தியே இல்லை. திருப்பி மாட்டினேன், புள்ளி உள்ளே வந்துவிட்டது. இந்த வரைபடம் இல்லாமல் என் வேலை ஒரு நாள்கூட ஓடாது.

அந்த வரைபடம் எங்கிருந்து வந்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழைச் சுருள் என்று சொன்னார்கள். அவர்களுடைய மாதிரியில் சில அணுக்கள் அநியாயத்துக்கு நெருங்கி நிற்கின்றன என்று ரிச்சும் கிரிக்கும் குறை சொன்னார்கள். சரி, எவ்வளவு நெருங்கினால் அதிகம்? ராமச்சந்திரன் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டார். அதுவரை தீர்க்கப்பட்ட சின்ன மூலக்கூறு படிகங்களிலிருந்து அணுக்களுக்கு இடையே உள்ள தூரங்களைத் திரட்டி, சங்கிலி திரும்பக்கூடிய இரண்டு கோணங்களுக்கும் எது முட்டும் எது முட்டாது என்று பார்த்ததில் 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து அந்த வரைபடம் வந்தது. கணக்கு என்று பார்த்தால் வடிவகணிதமும் திரிகோணமிதியும்தான். அருமை எல்லாம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அளவுகோல், இது உங்கள் பக்கத்துக்கு வலு.

ஆனால் இன்னொன்று கேளுங்கள், ஏனென்றால் வரலாறு தெரியாததால் ஒரு எண் எங்கள் துறையில் எப்படி வேரூன்றியது என்பதை நான் நேரில் பார்த்தவள். வொரனோய் என்ற கணிதர் 1908-ல் இருபடி வடிவங்களை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கு மிக அருகிலுள்ள இடத்தை ஒதுக்கி வெளியைப் பன்முகிகளாகப் பிரிப்பதைப் பற்றி எழுதினார். ரிச்சர்ட்ஸ் 1974-ல் அதே முறையில் புரதத்தின் உட்பகுதியில் ஒவ்வொரு அணுவுக்கும் எவ்வளவு இடம் என்று அளந்தார். நிரம்பிய அளவு சுமார் 0.75 என்று வந்தது. கெப்ளரின் 0.74 எல்லோர் மனசிலும் இருந்ததே! புரதத்தின் உள்ளே படிகம் மாதிரி இறுக்கம் என்று நாற்பது வருடம் பாடப்புத்தகங்கள் சொல்லின, நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் ரிச்சர்ட்ஸ் ஹைட்ரஜன்களைத் தனியாக வைக்கவில்லை, கார்பனோடு சேர்த்து ஒரே பெரிய உருண்டையாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஹைட்ரஜனையும் அதன் இடத்தில் வைத்து, பொருத்தமான ஆரங்களோடு 2016-ல் திரும்ப எண்ணியபோது கிடைத்தது 0.56. அமினோ அமில வடிவத் துகள்களைக் கண்டபடி கொட்டி, நகர முடியாத வரை நெருக்கினால் வரும் அளவும் அதே 0.56.

அதாவது மணல் குவியல், கண்ணாடி என்று பொருளறிவியல்காரர்கள் ஒழுங்கற்ற நெருக்கத்துக்கு வைத்திருக்கும் கணக்கு இங்கே பொருந்துகிறது. படிக அடுக்கு என்ற நினைப்புதான் எங்களை வேறு பக்கம் திருப்பிவிட்டது. உருண்டைக்கான எண்ணை உருண்டையல்லாத ஒன்றோடு ஒப்பிடுகிறோமே என்று அன்றே யாராவது நின்று கேட்டிருக்கலாம்.

சுருள்வில்:
அடர்த்திவரைபடம், இந்த 0.56 விஷயம் எனக்குப் புதுசு, ரொம்ப நன்றி. அளவுகோல் ஃபெடரோவ் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், நான் ஷோன்ஃப்ளைஸின் கணிதத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். அவர்கள் இருவரும் கடிதம் எழுதி ஒருவர் பட்டியலில் இருந்த தவறை மற்றவர் திருத்தித்தான் 230-க்கு வந்தார்கள், இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றில் நான் இறங்கி வரமாட்டேன். ஷெக்ட்மனின் படத்தை விளக்க லெவினும் ஸ்டைன்ஹார்ட்டும் சில வாரத்திலேயே கட்டுரை போட முடிந்தது, ஏனென்றால் பென்ரோஸ் ஓடுகளிலிருந்து அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். ஆலன் மெக்கே அந்த ஓடுகளின் புள்ளிகள் ஒளியில் எப்படிச் சிதறும் என்று 1982-லேயே படம் எடுத்துப் பார்த்தவர். கணக்கு தேடலைத் தொடங்கி வைக்கவில்லை, சரி. கண்ணில் பட்டதை நம்புவதற்கு ஒரு இடம் வைத்திருந்தது. அந்த இடம் இல்லாவிட்டால் மூன்று கேள்விக்குறியும் அப்படியே நின்றிருக்கும்.

அளவுகோல்:
இதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் முதலில் கேட்ட பாடம் இது இல்லை. கெப்ளர், ஃபெடரோவ், பென்ரோஸ் என்று வெற்றி வரிசை சொல்லும் பாடத்தை எடுத்தால் எனக்கு வருத்தமே இல்லை. ரிஞ்சின் 288, முழு எண் சுருள், 0.75, இந்த மூன்றையும் மாணவர் தானே கணக்குப் போட்டு எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கிற வகுப்பு என்றால் குழுவில் நானே கையெழுத்துப் போடுவேன். இயந்திரக் கற்றல் படிக்கிறவருக்கும் அது வேண்டும். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரல் கற்றுக்கொண்டதே புரதத் தரவு வங்கியில் 1971 முதல் மனிதர்கள் ஒவ்வொன்றாகத் தீர்த்து வைத்த அமைப்புகளிலிருந்துதான். தொடங்கும்போது அங்கே இருந்தவை ஏழு. அந்த அமைப்புகளுக்குள் நம்முடைய நினைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் மேலே கட்டக்கூடாது.

முதலாமாண்டு:
நான் மாணவி, இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 3.6 என்பது எனக்கு மனப்பாடம் செய்த எண்ணாகத்தான் இருந்தது. இன்று ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒவ்வொரு அலகுக்கும் 100 டிகிரி திருப்பி, ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஏற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். நான்காவது அலகைத் தாண்டும்போதே சுற்று முடிந்துவிடுகிறது, ஐந்தாவது புள்ளி முதல் புள்ளிக்கு மேலே வராமல் 40 டிகிரி தள்ளி விழுகிறது. அடுத்த சுற்றிலும் சேரவில்லை, அதற்கடுத்ததிலும் சேரவில்லை. ஐந்து சுற்று போன பிறகு, பத்தொன்பதாவது புள்ளிதான் முதல் புள்ளிக்கு நேர் மேலே வந்து நின்றது. உயரம் அளந்தேன், 27 சென்டிமீட்டர்.

அளவுகோல்:
எவ்வளவு நேரம் ஆனது?

முதலாமாண்டு:
கால் மணி நேரம். குழாய் ஒருமுறை அவிழ்ந்துவிட்டது, இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.