மனக்காட்சி பார்வையின் நகலா, நினைவின் கட்டுமானமா?

கேள்வி: கண்ணை மூடித் தெரிந்த முகமொன்றை நினைக்கும்போது எழும் காட்சி, முன்பு பார்த்ததன் மங்கிய நகலா, அல்லது நினைவிலிருந்து அவ்வப்போது புதிதாகக் கட்டப்படுவதா?

மறுமொழி 1: கட்டப்படுவதே என்பேன். 1978இல் பிசியாக், லுசாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள், மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டு இடப்புறத்தைக் கவனிக்க இயலாதிருந்த இருவரிடம், மிலான் பேராலயச் சதுக்கத்தைக் கற்பனையில் விவரிக்கச் சொன்னபோது, அவர்கள் இடப்பக்கக் கட்டடங்களை விட்டுவிட்டார்கள். எதிர்முனையில் நிற்பதாக எண்ணச் சொன்னதும், முன்பு விட்டவற்றைச் சொல்லி, சொன்னவற்றை விட்டார்கள். ஆக, நினைவு அழிந்திருக்கவில்லை; நிற்கும் இடத்துக்கேற்ப அதிலிருந்து காட்சியைக் கட்டும்போதுதான் இடப்பக்கம் விடுபட்டது.

மறுமொழி 2: பார்வை நன்றாக இருந்தும் மனக்காட்சியே எழாதவர்களும் உண்டு, 2015இல் நரம்பியலாளர் ஆடம் ஜீமன் குழுவினர் இந்நிலைக்கு அஃபேன்டேசியா எனப் பெயரிட்டனர். வீட்டில் எத்தனை சன்னல்கள் என்று கேட்டால், படம் எதுவும் தோன்றாமலேயே அவர்களுள் பெரும்பாலோரால் சொல்ல முடிகிறது.

கேள்வி கேட்டவர்: அப்படியெனில் இடம் பற்றிய அறிவு காட்சியாக மாறாமலும் இயங்கக்கூடும், என் கேள்வி நினைவை வெறும் படத்தொகுப்பாகவே கருதிவிட்டது.