முச்சக்கரமா, மூவுருளியா, முக்காலா?

அன்புடையீர், வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பாடநூலில் மூன்று சக்கர வண்டிகளைப் பற்றிய இயலை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். ஆட்டோவைப் போல முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டும் உள்ளவற்றை மூலநூல் ‘டெல்டா’ என்கிறது. முன்னால் பெட்டியை வைத்துப் பின்னாலிருந்து மிதிக்கும் ஐஸ் வண்டியைப் போல முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றும் உள்ளவற்றை ‘டாட்போல்’ என்கிறது. வளைவில் பிரேக் பிடித்தால் முதல் வகை எளிதில் கவிழக்கூடும் என்பதால், இந்த வேறுபாட்டை மாணவர்கள் அறிந்தே ஆக வேண்டும். ஆனால் வகுப்பில் ‘டெல்டா’ என்றதும் தஞ்சாவூரை நினைக்கிறார்கள்; ‘தலைப்பிரட்டை வண்டி’ என்றால் சிரிக்கிறார்கள். ஒரு பொதுப்பெயரும் இரண்டு வகைப்பெயர்களும் வேண்டும்.

மறுமொழி:

அம்மா, ‘சக்கரம்’ வடசொல் என்பதால் பொதுப்பெயர் ‘மூவுருளி’ என்றே இருக்கட்டும்; ஆட்டோவுக்குத் ‘தானி’ இருக்கவே இருக்கிறது. ரிக்‌ஷா, ‘ஜின்ரிகிஷா’ என்னும் ஜப்பானியச் சொல்லின் குறுக்கம். ஜின் என்றால் மனிதர், ரிகி ஆற்றல், ஷா வண்டி. கடல் கடந்து வந்தபோதே சொல்லிலிருந்து மனிதர் உதிர்ந்துவிட்டார். தமிழ்நாட்டில் கைரிக்‌ஷாவிலிருந்து அவரை விடுவிக்க 1973 வரை ஆயிற்று.

மறுமொழி:

ஐயா, நாஞ்சில் நாட்டில் உருளி என்றால் பாயசம் வைக்கும் வெண்கலப் பாத்திரம். மூவுருளி என்றால் கல்யாணப் பந்திதான் நினைவுக்கு வரும். நமக்குப் பட்டினப்பாலையிலேயே சொல் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பாக்கத்தில், காயவைத்த உணவைக் கொத்த வந்த கோழியின்மேல் பெண்கள் வீசிய கனத்த காதணி, சிறுவர்கள் ‘புரவியின்று உருட்டும் முக்காற் சிறுதேர்’ செல்லும் வழியை மறித்துக் கிடக்கிறது. கால் என்பது இங்கே சக்கரம்; ‘கால்வல் நெடுந்தேர்’ என்று வள்ளுவரும் அப்பொருளில்தான் ஆள்கிறார். குதிரையின்றி ஓடும் மூன்று சக்கரச் சிறிய தேர் என்பதைவிட ஆட்டோவுக்குப் பொருத்தமான வரையறை எந்தப் பாடநூலில் கிடைக்கும்?

மறுமொழி (யாழ்ப்பாணத்திலிருந்து):

ஐயா, உங்கள் மேற்கோளை இரசித்தேன். எனினும் ‘முக்கால் வண்டி’ என்று எழுதினால், கால்பங்கு கழன்று விழுந்த வண்டி என்றே மாணவர்கள் கொள்வார்கள். இங்கே பேச்சில் ஓட்டோ என்போம். செய்தித்தாளிலும் அரச ஆவணங்களிலும் நெடுங்காலமாக ‘முச்சக்கர வண்டி’தான். உங்கள் சென்னையில் மீனையும் ஆங்கிலப் பாடியையும் சேர்த்து ‘மீன்பாடி வண்டி’ என்று மக்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்; எந்தக் கலைச்சொற்குழுவையும் கேட்கவில்லை. 1948இல் வெஸ்பாக்காரர்கள் தங்கள் முச்சக்கரச் சரக்கு வண்டிக்கு இத்தாலிய மொழியில் தேனீ என்று பொருள்படும் ‘ஆப்பே’ என்ற பெயரைச் சூட்டினார்கள், சக்கரத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. பொதுப்பெயராக ‘முச்சக்கர வண்டி’யையும், வகைப்பெயர்களாக ‘முன்னொற்றை’, ‘பின்னொற்றை’ என்பவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். வகுப்பில் சோதித்தபோது, பின்னொற்றைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டதும் கடைசி வரிசை மாணவன் ஐஸ் வண்டியைச் சரியாகச் சொன்னான். முக்காற் சிறுதேர், பக்கத்தின் ஓரத்தில் பெட்டிச் செய்தியாக வருகிறது.

மறுமொழி:

அம்மா, ‘ஒற்றை’யைத் தமிழாக வைத்துக்கொண்டு ‘சக்கர’த்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள். அடுத்த பதிப்புக்குள் மூவுருளியைப் பற்றி விரிவாக எழுதுவேன்.