இலையில குட்டி விட்டா அழியாதா?

கியூர்பிப் குமரன்: ரோஸ்ஹில் வேலு அண்ணே நேத்து எழுதினதைப் பாத்தேன். ஹம்மார்பியா பலுடோசா, அதான் வட ஐரோப்பாவுல, பாசி மக்கிச் சேர்ற பீட் மண்ணுச் சதுப்புல வளர்ற அந்தச் சின்ன ஆர்க்கிட், இலை நுனியிலயே குட்டி விடுதாம், அதனால அதைக் காப்பாத்தறதெல்லாம் வெட்டிச் செலவாம். எரிச்சலா வருது. அந்தக் குட்டி உதிர்ந்து ஈரமான ஸ்பாக்னம் பாசி மேல விழணும், வாய்க்கா வெட்டித் தண்ணிய வடிச்சிட்டா எங்க போய் விழும்? இங்கிலாந்துல பல இடத்துல காணாமப் போனது இப்படித்தான்.

ரோஸ்ஹில் வேலு: தம்பி, குட்டி விடுதா இல்லியா? அதைச் சொல்லு. நான் அந்தூரியம் தோட்டம் வெச்சிருக்கறவன், பக்கக்கன்னு விடற செடி அழிஞ்சு பாத்ததில்ல.

குமரன்: விடுது, யாரு இல்லன்னா? கடுகைவிடச் சின்னது, பாசி காஞ்சா அதுவும் காஞ்சிரும், கூட ஒரு பூஞ்சையும் சேரணும். செடியே விரல் உயரம்தான், பூவும் பச்சை, பக்கத்துல நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது, அதான் தெரியாமலே வெட்டிடறாங்க. பீட்டு வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் போலத்தான் சேருது. ஒரு மீட்டர் தோண்டி மூட்டை கட்டினா ஆயிரம் வருஷம் போச்சு அண்ணே, நீங்க தொட்டியில கொட்டறது அதைத்தான்.

வேலு: என் மூட்டைக்கு ஏன் வர்ற? குட்டி விடுதுன்னு நீயே எழுதிட்ட.

காத்ர்போர்ன் மீனாட்சி: தேங்கா நார்த்தூள் இருக்கறப்ப பீட்டு எதுக்கு மாமா?

வேலு: அதுல உப்பும்மா, வேரு கருகும்.

மீனாட்சி: கழுவிட்டுப் போடணும். போன காவடிக்கு நீங்க பீட்டுல நட்டுக் குடுத்த ஆர்க்கிட் அழுகினதை நான் இன்னும் மறக்கல.

வேலு: தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னது நீ, பழி எனக்கா?

குமரன்: விஷயத்துக்கு வாங்க. நம்ம மொரிஷியஸ்ல பெத்ரேன் காட்டுப் பக்கம் போய்ப் பாருங்க, மானும் பன்னியும் நுழையாம வேலி போட்டு, வெளியேருந்து வந்து காட்டை அடைக்கிற சீனக் கொய்யாவைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் நம்ம தீவுச் செடிங்கள நிறுத்தி வெச்சிருக்காங்க. அந்தக் கொய்யாவும் வேர்லேருந்து குட்டி விடுது, அது பெருகுது, ஏன்னா அதுக்கு எந்த மண்ணும் போதும். இந்த ஆர்க்கிட்டுக்குப் போதாது. குட்டி விடறதும் பொழைக்கறதும் ஒண்ணா?

வேலு: கொய்யாவைத் திட்டறியே, சீசன்ல கூடையோட முதல்ல ஓடறது யாரு?

குமரன்: ஓடுவேன், பறிச்சா நல்லதுதான். பழத்தைத் தின்னுட்டுக் காடெல்லாம் விதை போடறது குரங்கும் பன்னியும்.

வேலு: பேச்சை மாத்தாத. குட்டி விடற செடிக்குக் காவல் எதுக்கு?

மீனாட்சி: மாமா, நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணி ஊத்தினேன்.