எல் சால்வடார் தங்கம்: சொத்தா, வெறும் பேச்சா?

தொண்டிக்காரன்:
மத்திய அமெரிக்காவில் இருக்கிற எல் சால்வடார் பரப்பில் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குதான். 2017-ல் உலோகச் சுரங்கத்தை முழுசாகத் தடை செய்த முதல் நாடு. 2024 டிசம்பரில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். வாய்ப்புள்ள நிலத்தில் 4 சதவீதத்தைப் பார்த்ததிலேயே 5 கோடி அவுன்ஸ் தங்கம் தெரிந்ததாம், மதிப்பு 13,156 கோடி டாலராம். நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 380 சதவீதம் என்கிறார் அதிபர் புக்கேலே. கடனில் தவிக்கிற நாடு காலுக்கடியில் இருக்கிற சொத்தை ஏன் பூட்டி வைக்கணும்?

பாசிக்காரி:
அண்ணே, 5 கோடி அவுன்ஸ்னா சுமார் 1,555 டன். நம்ம ரிசர்வ் வங்கி கையில் இருப்பதே ஏறக்குறைய 880 டன்தான். யார் செய்த ஆய்வுன்னு புக்கேலே சொல்லவே இல்லை. துளை போட்டு, மாதிரி எடுத்து, டன்னுக்கு எத்தனை கிராம், எடுக்க என்ன செலவுன்னு பார்த்த பிறகுதான் அது இருப்பு. அதுவரைக்கும் யூகம்.

அப்படியே இருந்தாலும் மொத்த எடையைச் சந்தை விலையால் பெருக்குவது என்ன கணக்கு? ஒரு டன் பாறையை உடைச்சு, மாவா அரைச்சு, சயனைடு கரைசலில் ஊறப்போட்டால் சில கிராம் கிடைக்கும். டீசல், கூலி, கரண்ட், கழிவைத் தேக்கும் அணை எல்லாம் கழிச்சு மிச்சம் என்னன்னு பாருங்க. அதிலும் கம்பெனி பங்கு தனி.

கீழக்கரை காக்கா:
தங்கச்சி, செலவு இல்லாத தொழில் எது? எதிர்க்கரையைப் பாரும்மா. 2021 கடைசியில் இலங்கை மத்திய வங்கி இருந்த தங்கத்தில் ஏறக்குறைய பாதியை வித்துச்சு. 2022 மார்ச்சில் சனங்க கைக்குழந்தையோடு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து நின்னாங்க. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அரசே கையை விரிச்சிருச்சு. அவங்க மண்ணுக்குள்ள 1,000 டன் இருந்திருந்தா அந்தக் கதி வந்திருக்குமா?

பாசிக்காரி:
வந்திருக்கும், காக்கா. பெட்டகத்துத் தங்கத்தை அன்னிக்கே வித்து டீசல் வாங்கலாம். பாறைக்குள்ள இருப்பதை வெளியே எடுக்க வருஷக்கணக்காகும். கடன்காரன் அதுவரை காத்திருப்பானா?

அதைவிட எனக்கு உறுத்துவது தண்ணி. தலைநகர் சான் சால்வடாருக்குக் குடிதண்ணி தர்ற முக்கிய ஆறு லெம்பா. நம்ம பக்கம் தெருக்குழாயில் தண்ணி வராத நாளில் பொம்பளைங்க தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடம் அடுக்கிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போறதைப் பார்த்திருப்பீங்க. கடற்கரை மணலில் ஊத்துத் தோண்டி, கொட்டாங்குச்சியால் கலங்காமல் மோந்து, துணியில் வடிகட்டிக் குடத்தை நிரப்புவாங்க. அந்த ஊத்துக்கு மேல ஒருத்தன் சயனைடு குட்டை கட்டினா சம்மதிப்பீங்களா?

தொண்டிக்காரன்:
பயமுறுத்தாதீங்க. புதுச் சட்டத்தில், தங்கம் பிரிக்கப் பாதரசம் போடுறதுக்குத் தடை இருக்கு. அரசே எடுக்கணும், இல்லைன்னா அரசு பங்குதாரரா இருக்கணும்.

உச்சிப்புளி மருமகன்:
நான் சொல்றேன். தாத்தா கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர். மூணு கிலோமீட்டருக்கும் கீழே போனாங்க. போகப் போக டன்னுக்குக் கிடைக்கிற கிராம் குறைஞ்சு, 2001-ல் மூடினாங்க. அதுவும் அரசு கம்பெனிதான். சயனைடு போட்ட கழிவு மண்மேடு இன்னும் ஊர் நடுவே நிக்குது. காத்தடிச்சா தூசி வீட்டுக்குள்ள வரும். பென்ஷன் பணத்தில் தாத்தா பாட்டிக்கு ஒரு பவுன்கூட வாங்கிக் கொடுத்ததில்லை, அது வேற கதை.

கீழக்கரை காக்கா:
அதே கோலாரில் எத்தனை தமிழ்க் குடும்பம் நூறு வருஷத்துக்கு மேல அடுப்பு எரிச்சுது? அதையும் எழுதுப்பா.

பாசிக்காரி:
கம்பெனிக் கதையும் இருக்கு. அனுமதி தரலைன்னு ஒரு சுரங்கக் கம்பெனி சுமார் 25 கோடி டாலர் கேட்டு எல் சால்வடார் மேல சர்வதேசத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டுச்சு. 2016-ல் நாடு ஜெயிச்சது. வழக்கு ஓடினது ஏழு வருஷம்.

இன்னொண்ணு. 2025 செப்டம்பரில் அந்த நாட்டு மத்திய வங்கி சுமார் 14,000 அவுன்ஸ் தங்கத்தை 5 கோடி டாலருக்கு வெளியிலிருந்து வாங்கியிருக்கு. காலுக்கடியில் 5 கோடி அவுன்ஸ் இருக்கிறவங்களுக்கு ஏன் இது?

தொண்டிக்காரன்:
வாங்கினது கையிருப்புக்கு, தோண்டுறது வருமானத்துக்கு. ரெண்டையும் குழப்பாதீங்க. லெம்பா பக்கம் தோண்டாதேன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். நாடு முழுக்கத் தோண்டாதேன்னா ஒத்துக்க மாட்டேன்.

பாசிக்காரி:
நாட்டில் ஏறக்குறைய பாதி நிலத்து மழை லெம்பாவில்தான் இறங்குது, அண்ணே. மிச்சப் பாதியில்தான் சான் செபாஸ்தியான் பழைய சுரங்கம் இருக்கு. அங்கே ஆத்துத் தண்ணி செக்கச்செவேல்னு ஓடுது. படம் தேடிப் பார்த்துட்டு வாங்க, பேசலாம்.